பிரிக்கப்படாத பை



நந்திக்கடற் கரையிலே, வைகாசிப் பொங்கலாற் பேர்பெற்ற கண்ணகை அம்மன் கோவிலைக் கொண்ட வற்றாப்பளை என்னும் ஊரில் ஒரு பாடசாலையின் அதிபராக இருப்பவன் நான். கலைப் பட்டதாரியாகிய நான் இன்று கணனி வலையமைப்பைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நான் பேசப் போவது ஒரு வரலாறு. செய்தி கடத்துவோர் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் பாராமல், மேலே கட்டிய சீட்டை மட்டும் பார்த்து அனுப்பக் கற்றுக்கொண்ட கதை அது. அப்படி அனுப்பப்பட்டது வழியிலே தொலையுமானால் அதனை எங்ஙனம் தேடிக் கண்டுபிடிப்பது என்னும் கதையும் அதனோடு சேர்ந்தது. பின்னதே எனக்கு முக்கியம்.

என் இளமைக் காலத்திலே கொழும்பிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வரும் கடிதம் இரவுத் தபால் வண்டியில் ஏறி மாங்குளத்தில் இறங்கும். அங்கிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவு வரை ஏறக்குறைய முப்பது மைல் தெருவழி. மாங்குளத்துக்கு ஒருமுறை என் தந்தையார் என்னை அழைத்துச் சென்றார். வண்டி நின்ற அந்தச் சில நிமிடங்களில், முரட்டுத் துணிப் பைகள் சிலவற்றை இறக்கி மேடையிலே போட்டனர். ஒவ்வொன்றின் வாயும் கயிற்றாற் கட்டப்பட்டு அரக்கு முத்திரை இடப்பட்டிருந்தது. கழுத்திலே ஒரு சீட்டுத் தொங்கிற்று. தபாற் சேவகர் பையைப் பிரிக்கவில்லை. உள்ளே எத்தனை கடிதம், யார் யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. சீட்டிலிருந்த ஊர்ப்பெயரைப் பார்த்தார்; எந்த வாகனத்தில் ஏற்றவேண்டுமோ அதில் ஏற்றினார். அவ்வளவே.

இது சிறு காரியம் போலத் தோன்றும். ஆயினும் உலகத் தபால் முறை இதன்மேலேயே நின்றது. 1874ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் நாடுகள் கூடி அனைத்துலகத் தபால் ஒன்றியத்துக்கு அடியிட்டபோது, ஒரு நாட்டின் பை இன்னொரு நாட்டினூடாகப் பிரிக்கப்படாமற் செல்லும் உரிமையை ஒப்புக்கொண்டன. இடையிலுள்ள நாடு சுமந்து கொடுக்கும், உள்ளே பாராது. எங்கள் கண்முன்னே இதற்கு எடுத்துக்காட்டு, 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறந்தபின் ஓடத் தொடங்கிய ‘போட் மெயில்’. கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்கு வண்டி, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பின்னர் சென்னைக்கு மறுபடியும் வண்டி. மூன்று ஊர்தி மாறியும் பை ஒன்றே. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. 1984இல் அதுவும் நின்றது.

இதற்கு மாறானது தந்தி. இலங்கையிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் தந்திக்கம்பி வந்தது. தந்தியை இடைநிலையம் ஒன்று வாங்கி மேலே அனுப்ப வேண்டுமாயின், அங்குள்ள இலிகிதர் அதனை எழுத்தெழுத்தாகக் கேட்டு, எழுதி, முகவரியைப் படித்து, அடுத்த கம்பியில் மறுபடியும் தட்டுதல் வேண்டும். ஒவ்வோரிடத்திலும் முழு முகவரியையும் படித்தே அனுப்பும் முறை இது. இணையம் பிறந்தபோது முதலில் மேற்கொண்டது தந்தியின் முறையைத்தான்.

இணையத்திலே செய்தி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டுச் செல்வதை நேயர்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். 1981இல் வரையறுக்கப்பட்ட ஐபி நெறிமுறையின்படி ஒவ்வொரு பொதியின் தலையிலும் போய்ச்சேரும் முகவரி எழுதப்பட்டிருக்கும். வழியிலே நிற்கும் ரவுட்டர் என்னும் கருவி ஒவ்வொன்றும் அந்த முகவரியைத் தன் அட்டவணையோடு ஒத்துப்பார்த்து, மிக நெருக்கமாகப் பொருந்தும் வரியைத் தேடி, அடுத்த கருவிக்குத் தள்ளும். அடுத்த கருவியும் அதே வேலையை முதலிலிருந்து செய்யும். 1990களின் நடுப்பகுதியில் இணையம் பெருகியபோது இந்தத் தேடல் பெருஞ் சுமையாயிற்று. அக்காலத்திலே தொலைபேசி நிறுவனங்கள் கட்டிய ஏடிஎம் என்னும் வேறொரு வலையமைப்பு, 53 எண்பிட்டுத் துண்டுகளைச் சிறு இலக்கம் ஒன்றைப் பார்த்தே மின்னல் வேகத்தில் மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று பலர் ஒரே நேரத்தில் எண்ணினர். ஜப்பானின் தோஷிபா ஒரு முறை சொன்னது. 1996இல் இப்சிலன் என்னும் சிறு நிறுவனம் இன்னொன்று சொன்னது. சிஸ்கோவும் ஐபிஎம்மும் தத்தம் முறைகளைக் கொண்டுவந்தன. ஒன்றோடொன்று பேசமாட்டாத இந்த முறைகளை ஒன்றாக்க 1997இல் இணையப் பொறியியற் பணிக்குழு தனிக் குழுவொன்றை அமைத்தது. எரிக் ரோசன், அருண் விஸ்வநாதன், ராஸ் காலன் ஆகிய மூவரின் பெயரில் 2001 ஜனவரியில் வெளிவந்த 3031ஆம் இலக்க ஆவணமே இன்றைய எம்பிஎல்எஸ் முறையின் அடிக்கல்.

முறை இதுதான். பொதி வலையமைப்பின் வாயிலில் நுழையும்போது முதல் ரவுட்டர் ஒருமுறை முகவரியைப் படித்து, அதன் தலையில் நான்கு எண்பிட்டு அளவுள்ள ஒரு சீட்டை ஒட்டுகிறது. அதற்குப்பின் இடையில் உள்ளவை முகவரியைப் படிப்பதில்லை. சீட்டின் இலக்கத்தைப் பார்க்கின்றன. தம் அட்டவணையில் அதற்கெதிரே என்ன எழுதியிருக்கிறதோ அந்தப் புதிய இலக்கத்தை ஒட்டி, குறித்த வழியால் அனுப்புகின்றன.

புதிய இலக்கம் என்றேன். இங்கேதான் தபாற்பையின் உவமை சற்று நொண்டுகிறது. பையின் சீட்டு கொழும்பிலும் மாங்குளத்திலும் ஒன்றே. இச்சீட்டோ ஒவ்வொரு படியிலும் மாறும். அதற்குப் பொருத்தமான உவமையையும் அந்த மாங்குளம் மேடையிலேயே நான் கண்டிருந்தேன் என்பதைப் பல்லாண்டு கழித்தே உணர்ந்தேன். வடபகுதிப் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை செல்ல உரிமை தரும் தட்டு ஒன்றைத் தோற்பையிலிட்டு, வளையத்திற் கோத்து, சாரதியிடம் கொடுப்பார்கள். அடுத்த நிலையத்தில் சாரதி அதனைக் கொடுத்து வேறொன்றை வாங்குவார். அந்தத் தட்டு அவ்விரு நிலையங்களுக்கு இடையில் மட்டும் செல்லும். அதற்கப்பால் அது வெறும் உலோகம். எம்பிஎல்எஸ் சீட்டின் இலக்கமும் அண்டையிலுள்ள இரண்டு ரவுட்டர்களுக்கு இடையில் மட்டுமே பொருளுடையது. ‘இன்ன ஊருக்குப் போவதை என்னிடம் இன்ன இலக்கம் ஒட்டி அனுப்பு’ என்று முன்னே இருப்பது பின்னே இருப்பதற்குச் சொல்லிவைக்கும். இப்படிச் சொல்லிவைப்பதற்கென்று ‘சீட்டு விநியோக நெறிமுறை’ என ஒன்று உண்டு. இலக்கங்களுள் 0 முதல் 15 வரை சிறப்புத் தேவைகளுக்காக ஒதுக்கப்பட்டவை. மற்றவை பத்து லட்சத்துக்கும் மேல்.

பைக்குள் பை வைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. ஒரு வங்கியோ, ஒரு கல்வி வலயமோ தனக்கெனத் தனி வலையமைப்புக் கேட்டால், நிறுவனம் அதற்கென வேறு கம்பி இழுப்பதில்லை. உட்சீட்டு ஒன்று யாருடைய பொதி என்பதைச் சொல்லும். வெளிச்சீட்டு எந்த வாயிலுக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லும். வரலாற்றின் வேடிக்கை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். வேகத்துக்காகப் பிறந்த முறை இது; ஆனால் சில ஆண்டுகளிலேயே முழு முகவரியையும் அதே வேகத்தில் தேடும் சில்லுகள் வந்துவிட்டன. பிறந்த காரணம் போய்விட்டது. பிள்ளை மட்டும் நின்றது. தனி வலையமைப்புகளைப் பிரித்துவைக்கவும், நெரிசலான வழியை விலக்கி வேறு வழியால் அனுப்பவும் அது உதவியமையால் நின்றது.

இனிப் பழுதைப் பற்றிக் கூறுகிறேன்.

வன்னியில் வாழ்ந்தவர்களுக்குத் தொலைந்த கடிதம் புதிதன்று. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. கிளிநொச்சிக்கு அது மீண்டது 2013இல், யாழ்ப்பாணத்துக்கு 2014இல். இடைப்பட்ட காலத்தில் ஒரு கடிதம் போய்ச்சேர்ந்ததா என்பதை அறிய வழியின்றி ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. திரும்பி வந்த கடிதத்தைப் பற்றி அவர்கள் வருந்தவில்லை. திரும்பியும் வராத கடிதமே நெஞ்சை அரித்தது. அனுப்பிய இடத்தில் ‘அனுப்பியாயிற்று’ என்பார்கள். பெறவேண்டிய இடத்தில் ‘வரவில்லை’ என்பார்கள். இடையில் இருப்பவர் வாய் திறவார்.

சீட்டு முறையிலே ஏற்படும் பழுதுகளுட் கொடியதும் இத்தகையதே. சீட்டுப் பாதை நடுவில் ஒரு படியில் அறுந்துபோகிறது என வைத்துக்கொள்வோம். அண்டை ரவுட்டரிடமிருந்து இலக்கம் கிடைக்காதபோது, இடையிலுள்ள ரவுட்டர் சீட்டில்லாமலே அனுப்ப முயலும். சாதாரணப் பொதியாயின் அதன் தலையில் முகவரி இருக்கிறது; அடுத்த ரவுட்டர் அதனைப் படித்துச் சேர்த்துவிடும். ஆனால் தனி வலையமைப்புப் பொதியின் வெளிச்சீட்டுப் போனால் எஞ்சுவது உட்சீட்டு. அதன் பொருள் கடைசி வாயிலுக்கு மட்டுமே தெரியும். இடையில் உள்ளது அதனைக் கீழே போட்டுவிடும். இதன் விளைவு விந்தையானது. பொறியியலாளர் வாயிலிலிருந்து வாயிலுக்குப் பிங் என்னும் சோதனைப் பொதியை அனுப்பினால் விடை உடனே வரும். ‘எல்லாம் சரி’ என்பார். வாடிக்கையாளருக்கோ ஒன்றும் போகாது. இருவரும் உண்மையே பேசுகின்றனர்.

இதற்கு மருந்தாக 2006 பெப்ரவரியில் வந்தது 4379ஆம் இலக்க ஆவணம். எழுதியவர்கள் கிரீத்தி கொம்பெல்லா, ஜோர்ஜ் சுவாலோ. அதன் சூழ்ச்சி மிக அழகானது. சோதனைப் பொதியைச் சீட்டுப் பாதையிலேயே அனுப்புகிறார்கள். ஆனால் உள்ளே எழுதும் முகவரி 127 என்று தொடங்குவது. அந்த முகவரிக்கு எந்த ரவுட்டரும் பொதியை மேலே அனுப்பலாகாது. அது ‘நானே’ என்பதைக் குறிப்பது. ஆகவே வழியில் எங்கேனும் சீட்டு உதிர்ந்தால் பொதி முகவரியைக் காட்டிப் பிழைத்துச் செல்ல முடியாது. சீட்டு உதிர்ந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்ளும். ஊரில்லா முகவரி எழுதிய கடிதத்தைப் பையிலிட்டு முத்திரை வைத்து அனுப்பினாற்போல என்க. பை எந்தக் கந்தோரில் பிரிந்ததோ அந்தக் கந்தோரின் மேசையில் அது கிடக்கும். சீட்டிலே எத்தனை படி செல்லலாம் என்று எண்ணும் கட்டம் ஒன்றும் உண்டு. அதில் ஒன்று, இரண்டு, மூன்று என எழுதி ஒவ்வொரு படியாக விடை கேட்கலாம். 2017 மார்ச்சில் இந்த ஆவணம் திருத்தப்பட்டு 8029ஆம் இலக்கமாக வந்தது.

மற்றொரு பழுது, அறுந்த வழி மீளும்போது நேர்வது. கம்பி மீண்டதும் பாதை அட்டவணை ‘வழி திறந்தது’ என்று விரைந்து அறிவித்துவிடும். சீட்டு இலக்கங்களைச் சொல்லிக்கொள்ளும் பேச்சோ அதற்குள் முடிந்திராது. பொதிகள் திறந்த வழியென்று ஓடிவந்து சீட்டின்றி விழும். ‘சீட்டு வரும்வரை அந்த வழியை மிகத் தூரமானது என்று சொல்லிவை’ என்பதே இதற்குக் கண்ட தீர்வு. 5443ஆம் இலக்க ஆவணமாக இது 2009 மார்ச்சில் வெளிவந்தது. அந்த மார்ச் மாதத்தில் இவ்வூரார் எங்கே இருந்தனர் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழுது பார்ப்போர் படிப்படியாகச் செல்வர். முதலிற் சாதாரணப் பாதை உண்டா என்று பார்ப்பர். பின் அண்டை ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிந்து சீட்டுப் பேச்சைத் தொடங்கினவா, 646ஆம் வாயிலைக் காவற்சுவர் ஏதேனும் மறித்ததா என்று பார்ப்பர். அதன்பின் இலக்கங்கள் வந்தனவா, வந்தவை பொதி கடத்தும் அட்டவணையில் ஏறினவா என்பது. இவையெல்லாம் சரியாக இருந்தும் வேலை நடவாவிட்டால் எஞ்சுவது அளவு. அளவால் வந்த பழுது ஒன்று எங்கள் பாடசாலைக்கே நேர்ந்தமையால் அதனைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சேவை தந்த நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம்.

எங்கள் அலுவலகத்திலிருந்து மேலிடத்துக்கு ஆவணங்கள் அனுப்பும் தனி இணைப்பு ஒன்று இரண்டாண்டு பழுதின்றி ஓடியது. ஒரு திங்கட்கிழமை முதல் அதன் போக்கு மாறிற்று. சிறு செய்திகள் போயின. பக்கத்தின் தலைப்புத் திரையில் வந்தது. ஆனால் புகைப்படத்தோடு கூடிய விண்ணப்பத்தை ஏற்றினால் பாதியில் அசையாமல் நின்றது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் பதினொருவர். முடிவுநாளுக்கு ஒன்பது நாளே இருந்தது. தொலைபேசியில் அழைத்தோம். ‘இங்கிருந்து பார்த்தோம், ஐயா, இணைப்பு நன்றாக இருக்கிறது’ என்றார்கள். மறுநாள் வேறொருவர் அதையே சொன்னார். எங்கள் கணனியில் நோய்க்கிருமி இருக்கலாம் என்று மூன்றாமவர் சொன்னார். ஐந்தாம் நாள் எங்கள் இலிகிதர் விண்ணப்பங்களை ஒரு பென்டிரைவில் இட்டுக்கொண்டு பேருந்தில் முல்லைத்தீவுக்குப் போனார். அங்கே ‘இணையவழி மட்டுமே ஏற்போம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவு, என்னிடம் வரலாறு படித்து, பின்னர் வலையமைப்புத் துறையிற் சேர்ந்த பழைய மாணவர் ஒருவரிடம் பேசினேன். அவர் கேட்ட முதற் கேள்வி, “சேர், சின்னது போகுதா, பெரிசு போகேல்லையா?” என்பது. ஆம் என்றேன். பொதியைத் துண்டாக்காதே என்னும் குறிப்போடு பிங் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். வழக்கமான பொதியின் உச்ச அளவு 1500 எண்பிட்டு. அதில் தலைப்புகளுக்கு 28 போக, 1472 வரை உள்ளே இடலாம். 1472 போட்டோம், விடையில்லை. 1400 போட்டோம், விடை வந்தது. இலிகிதர் பக்கத்தில் நின்று ஒவ்வோர் எண்ணாக எழுதினார். 1464 போயிற்று, 1465 போகவில்லை.

“எட்டுக் குறையுது,” என்றார் மாணவர். சற்று நேரம் பேசாமலிருந்தார். எட்டுக் குறைவதற்கு வேறொரு காரணமும் உண்டாம். பயனர் பெயர் கொடுத்து நுழையும் சிலவகை இணைப்புகளிலும் எட்டு எண்பிட்டு அதற்கெனப் போய்விடும். எங்கள் இணைப்பு அவ்வகையினதா என்று வினவினார்; அன்று என்றேன். “அப்ப, ஒரு சீட்டு நாலு, ரெண்டு சீட்டு எட்டு. உங்கட பொதி நடுவழியிலை ரெண்டு சீட்டோட போகுது. அங்கை ஆரோ புதுசா ஒரு சுவிட்சைப் போட்டிருக்கினம். அது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல ஏத்தாது. அதாலை கடிதமும் எழுத ஏலாது, சேர்; பேசாமல் கீழை போட்டிடும்.”

நான் அதனைப் பைக் கணக்கிலேயே விளங்கிக்கொண்டேன். கடிதம் நிறைந்த பை ஒன்று. அதனை இன்னொரு பைக்குள் இட்டார்கள். சுமக்கும் வண்டியின் கதவு முதற் பையின் அளவுக்கே வெட்டப்பட்டது. பாதி நிறைந்த பைகள் நுழைகின்றன. முழுப்பை கதவடியில் விழுகிறது. நிலைய அதிபர் பரீட்சித்துப் பார்க்க அனுப்பியதோ வெறும் பை. ஆகவே அவர் கண்ணுக்கு எல்லாம் சரி. சாதாரணமாக இத்தகைய இடத்தில் ரவுட்டர் இருந்தால் ‘பொதி பெரிது, இன்ன அளவுக்குள் அனுப்பு’ என்று அனுப்பியவருக்கு அறிவிக்கும். முகவரி படிக்கத் தெரியாத சுவிட்சுக்கு அறிவிக்க ஆளில்லை.

மறுநாட் காலையில் மாணவர் சொற்படியே, 1464, 1465 என்னும் இரு எண்களையும் கூறி, நடுவழியிலே அண்மையில் மாற்றிய கருவி எது என்று கேட்டோம். தொலைபேசியின் மறுமுனையில் நெடுநேரம் மௌனம். பின்பு வேறொரு பொறியியலாளர் பேசினார். பழுது முறைப்பாடு எழுதிக்கொண்டார். மாலை நாலு மணிக்கு 1472 போயிற்று. திருத்தம் ஒரே ஒரு வரி என்று மாணவர் பின்னர் சொன்னார். அத்தனை நாளும் அந்த வரியைத் தேடுவாரின்றியே கழிந்தன. விண்ணப்பங்களுட் பத்து அன்றிரவே ஏறின. பதினோராவது பிள்ளையின் சான்றிதழை மறுபடி வருடி எடுக்கவேண்டியிருந்தது. அவள் வீடோ கேப்பாப்புலவுப் பக்கம். அவளை அழைத்துவந்து முடிப்பதற்குள் நாள் கடந்தது. அடுத்த ஆண்டு அவள் விண்ணப்பித்துப் பெற்றாள். அந்த ஓராண்டு அவள் தாயார் கடன் வாங்கினார் என்பதை நான் அறிவேன்.

இப்பொழுது சீட்டு முறை இன்னொரு பருவத்துக்கு வந்திருக்கிறது. 2018இல் 8402ஆம் இலக்க ஆவணமாக வெளிவந்த ‘துண்டுவழி’ முறையில் ரவுட்டர்கள் தமக்குள் தனியே சீட்டுப் பேசிக்கொள்வதில்லை. பாதை அட்டவணையைப் பரப்பும் பேச்சே இலக்கங்களையும் சுமந்து செல்லும். வழி மீண்டும் சீட்டு வராத அந்தப் பழைய பழுது இதனால் ஒழிகிறது. ஆனால் போகவேண்டிய வழி முழுவதையும் முதல் வாயிலே சீட்டுமேற் சீட்டாக அடுக்கி அனுப்பவும் இம்முறையில் இடமுண்டு. இரண்டு சீட்டு இருந்த இடத்தில் ஐந்து, ஆறு என்று ஏறலாம்; ஒவ்வொன்றும் நான்கு எண்பிட்டு. இதனை மாணவர் சொன்னபோது எங்கள் இலிகிதர் அருகில் இருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான் அலுவலகம் சென்றபோது, கணனிக்கு மேலே சுவரில், மணி அடிக்கும் நேர அட்டவணைக்குப் பக்கத்தில், 1472 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், ‘திங்கட்கிழமைதோறும்’.